மட்டக்களப்புப் பழைய விமானத்தளத்தின் கதையைத் திரட்டுவது எப்படி?

முதலில் நூலகத்துக்கு ஓடாதீர்கள். திமிலைதீவு, புதூர், வலையிறவுப் பக்கம் எழுபது தாண்டியவர்கள் உள்ள வீடுகளுக்குப் போங்கள். கடதாசி அடுத்த வருசமும் இருக்கும், அப்பப்பா இருப்பார் என்று சொல்ல முடியாது.

அவர்களிடம் எந்த ஆண்டு என்று கேட்காதீர்கள், தடுமாறுவார்கள். வெள்ளத்துக்கு முந்தியா பிந்தியா, சூறாவளி அடித்தபோது பிளேன் வந்துகொண்டிருந்ததா என்று கேளுங்கள். 1957 டிசம்பர் வெள்ளமும் 1978 நவம்பர் 23 சூறாவளியும் நம் ஆட்களுக்கு நாட்காட்டியை விட நம்பிக்கையானவை, அவற்றைப் பிடித்துக்கொண்டே மற்றதெல்லாம் ஞாபகத்துக்கு வரும். பிளேனில் போனவர்களை மட்டும் தேடாமல், இரைச்சல் கேட்டு வேலியோரம் ஓடிய பிள்ளைகளாக இருந்தவர்களையும், வாவியில் தோணியில் இருந்தபடி பார்த்தவர்களையும் தேடுங்கள். எனக்கு அவர்கள் கதைதான் பெரிது.

கேட்டதைப் பொருத்திப் பார்க்க மூன்று ஆண்டுகள் போதும்: 1958-இல் சிவில் விமானங்களுக்காகத் திறந்தார்கள், 1983-இல் விமானப்படை எடுத்தது, 2016-இல் திரும்பவும் உள்நாட்டு விமான நிலையமானது. யாராவது ஜப்பான் பிளேன் கதை சொன்னால் அது வேறு. 1942 ஏப்ரல் 9-இல் மட்டக்களப்புக் கடலில் ஹெர்மிஸ் என்ற பிரித்தானியப் போர்க்கப்பலை மூழ்கடித்த ஜப்பான் பிளேன்கள் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து வந்தவை. அதையும் எழுதி வையுங்கள், ஆனால் தனிக் கொப்பியில்.

அப்புறம் கடதாசி. கொழும்பு தேசிய சுவடிகள் திணைக்களத்தில் 1958-ஆம் ஆண்டு வீரகேசரி, தினகரன் இதழ்களைக் கேளுங்கள். நில அளவைத் திணைக்களத்தின் பழைய 'மைலுக்கு ஒரு அங்குல' வரைபடங்களில் இரண்டு பதிப்புகளை அருகருகே வைத்தால் தளம் எப்போது தோன்றியது என்று பிடிபடும். அந்தக் கால விமான நிறுவனமான எயார் சிலோனின் கால அட்டவணை கிடைத்தால் அதில் அம்பாறையைத் தேடி ஏமாறாதீர்கள், 'கல்லோயா' என்றுதான் இருக்கும். அம்பாறைக்கான தளம் உகணையில் இருக்கிறது, அதன் விமான நிலையக் குறியீடு இன்றைக்கும் கல்லோயாவை வைத்து ஜீ-ஓ-வை (GOY) தான்.

பழைய படத்தில் ஓடுபாதை முனையில் எழுதிய எண் தெரிகிறதா? பத்தால் பெருக்குங்கள், ஓடுபாதையின் திசைகாட்டிப் பாகை ஏறத்தாழ வரும், படம் எந்தப் பக்கமிருந்து எடுத்தது என்று அதை வைத்தே சொல்லிவிடலாம்.

வேலிக்கு வெளியே நின்று இப்போதைய தளத்தைப் படம் எடுக்கப் போகாதீர்கள், அங்கே விமானப்படை இருக்கிறது, அனுமதி வாங்குங்கள். ஒலிப்பதிவில் ஒரு பிரதியைச் சொன்னவரின் வீட்டுக்கும் கொடுங்கள்.