குறைந்த செலவில் பாலைவனக் கார் பந்தயம்: உடன்பிறந்தவர்கள் சேர்ந்து இறங்குவது எப்படி?

அமெரிக்காவின் தென்மேற்கிலும் மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியாவிலும் நடக்கும் பாலைவனப் பந்தயங்களில் முன்னணியில் பாயும் 'டிராஃபி டிரக்' எனும் சக்திவாய்ந்த பந்தய வண்டி ஒன்றைக் கட்டி முடிக்கப் பல லட்சம் டாலர் செலவாகும். அதே பாதையில், ஏறத்தாழ ஆலையிலிருந்து வந்த வடிவிலேயே இருக்கும் பழைய வோக்ஸ்வாகன் பீட்டில் கார்களுக்கென 'கிளாஸ் 11' என்ற பிரிவும் உண்டு. கைக்காசைப் போட்டு இறங்கும் அண்ணன் தம்பியோ அக்கா தங்கையோ இதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பீட்டிலின் இன்ஜின் பின்சக்கரங்களுக்கு மேலேயே பாரத்தை ஏற்றுவதால் மணலில் நல்ல பிடிப்புக் கிடைக்கிறது. காற்றால் குளிரும் இன்ஜின் என்பதால் கல்பட்டு உடைய ரேடியேட்டரும் இல்லை. மெக்சிகோவின் புவெப்லா ஆலையில் 2003 வரை இந்தக் கார் தயாரானதால் உதிரி பாகங்களும் கைபழகிய மெக்கானிக்குகளும் அங்கே எளிதில் கிடைக்கிறார்கள்.

கார் வாங்கும்போது இன்ஜின் சத்தத்தில் மயங்காதீர்கள். இன்ஜினை மாற்றிவிடலாம், துருப்பிடித்த உடலை மாற்றுவது பெருஞ்செலவு. பின்னிருக்கையைத் தூக்கினால் பேட்டரி இருக்கும். அதன் அடியிலுள்ள தகட்டை ஸ்க்ரூடிரைவரால் அழுத்திப் பாருங்கள். முனை உள்ளே இறங்கினால் அந்தக் காரை விட்டுவிடுங்கள். முன் அச்சு அடிச்சட்டத்தோடு சேரும் இடத்தையும் அவ்வாறே பார்க்க வேண்டும்.

முதல் பணம் ரோல் கேஜ் (கார் உருண்டாலும் உள்ளே இருப்பவரைக் காக்கும் இரும்புக் கூண்டு), பந்தய இருக்கை, பெல்ட், தீத்தடுப்பு உடை, தீயணைப்பான் ஆகியவற்றுக்கே போக வேண்டும். பெல்ட்டில் தயாரிப்புத் தேதி அச்சிடப்பட்டிருக்கும். காலாவதியானது பந்தயத்துக்கு முந்தைய பரிசோதனையில் தேறாது என்பதால் பழையதை மலிவாக வாங்குவது வீண். ஹெல்மெட்டில் மோட்டார் சைக்கிளுக்கான 'எம்' முத்திரை போதாது. தீ தாங்கும் சோதனையும் முடித்த 'எஸ்ஏ' முத்திரை வேண்டும்.

அடுத்த எதிரி தூசு. பாஹாவில் சக்கரம் புதையும் அளவுக்குச் சலித்த மாவு போன்ற தூசுப் படுகைகள் உண்டு. ஏர் ஃபில்டருக்கு அப்பால், இன்ஜினுக்குச் செல்லும் குழாயின் உட்புறத்தில் மெல்லிய கிரீஸ் தடவி ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு விரலால் துடைத்துப் பாருங்கள். மணல் நெருடினால் எங்கோ கசிவு இருக்கிறது, அதைக் கண்டுபிடித்து அடைக்காமல் பந்தயத்துக்குப் போகக் கூடாது.

பாஹா கலிஃபோர்னியாவில் 1967இல் தொடங்கிய 'பாஹா 1000' நெடுந்தூரப் பந்தயத்தின் மீது ஆசை இருப்பது இயல்பு, ஆனால் அதை முதல் பந்தயமாக்காதீர்கள். சில ஆண்டுகளில் ஓரிடத்தில் புறப்பட்டு வேறிடத்தில் முடியும் அதன் நெடும்பாதையில் உங்களைத் தொடர்ந்து வர வண்டிகள், ஆங்காங்கே பெட்ரோல், ஆட்கள், தங்குமிடம் எனச் செலவு பெருகும். கலிஃபோர்னியாவின் மொஹாவே பாலைவனத்தில் பார்ஸ்டோ, லூசெர்ன் பள்ளத்தாக்குப் பக்கம் நடக்கும் சுற்றுப்பாதைப் பந்தயங்களில் ஒவ்வொரு சுற்றிலும் அதே முகாமுக்குத் திரும்புவதால் ஒரு பிக்கப் வண்டியும் இரண்டு நண்பர்களும் போதும். அதற்கும் முன் ஒரு பந்தயத்திலாவது தன்னார்வலராக நில்லுங்கள். 2010 ஆகஸ்டில் அதே பாலைவனத்தின் ஜான்சன் பள்ளத்தாக்கில் நடந்த பந்தயத்தில் கட்டுப்பாடு இழந்த வாகனம் பாதையோரக் கூட்டத்தில் புகுந்து எட்டுப் பேர் இறந்தனர்; எங்கே நிற்கக் கூடாது என்பதை உங்கள் உதவியாளர்களும் அறிந்திருக்க வேண்டும்.

அமெரிக்காவின் புகழ்பெற்ற கார் பந்தயமான இண்டியானபோலிஸ் 500ஐ நான்கு முறை வென்ற ரிக் மியர்ஸும் அவருடைய அண்ணன் ராஜரும் கலிஃபோர்னியாவில் இத்தகைய கரடுமுரடான பாதைகளில் ஓட்டித்தான் வளர்ந்தார்கள். உடன்பிறந்தவர்களுக்குள் பேச்சு சுருக்கமாக இருக்கும் என்பது பெரிய பலம். சிறு வயது வழக்கப்படி மூத்தவர் சொல்லே இறுதி என்றாகிவிடுவதுதான் ஆபத்து. ஆகவே ஒருவர் ஓட்ட, மற்றவர் ஜிபிஎஸ் பார்த்து வழி சொல்லட்டும். பாதித் தூரத்தில் இடம் மாறிக்கொள்ளுங்கள். வழி சொல்பவர் இளையவரே ஆனாலும் "மெதுவா" என்றால் மறுபேச்சின்றி வேகம் குறைய வேண்டும். கார் யார் பெயரில், உடைந்தால் யார் எவ்வளவு தருவது என்பதையும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்.

பந்தயம் முடிந்த மறுநாளே காரைக் கழுவி, முன் அச்சின் வெல்டிங் ஓரங்களில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். கடைசியாக ஓட்டியவர் அல்லாமல் மற்றவர் அதைப் பார்ப்பது நல்லது.