வேரழுகலைத் தாங்கும் உளுந்து: ரகத் தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாசி கடைசியில் சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோயில் பக்கம் நெல் அறுத்த தரிசு வயலில் நிற்கும் உளுந்தில் திட்டுத் திட்டாகச் செடி காயும். ஒரு திட்டு முழுக்கச் செத்துக் கிடக்கும்போது நடுவில் நாலைந்து செடி மட்டும் பச்சையாக நிற்கும். அவற்றின் விதையை எடுத்துப் பெருக்கினால் வேரழுகலைத் தாங்கும் ரகம் கிடைத்துவிடும் என்று தோன்றுவது இயல்பு. விவசாயிகளுக்கும் தோன்றுகிறது, பயிர்ப்பெருக்கம் படிக்கும் மாணவர்களுக்கும் தோன்றுகிறது. ஆனால் அடுத்த போகத்தில் அந்த விதையும் மற்ற விதையைப் போலவே சாவதுதான் அதிகம். நோய் எட்டாமல் தப்பித்த செடியும், நோய் வந்தும் தாங்கிய செடியும் மேலே பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததால் வருகிற தவறுகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் தவறு, செடியைக் கொன்றது எது என்று பார்க்காமலே தேர்வைத் தொடங்குவது. இலை மஞ்சளாகிக் காய்ந்தால் வேரழுகல் என்று குறித்துவிடுகிறார்கள். தண்ணீர் தேங்கினாலும் இலை மஞ்சளாகும், தண்டு ஈ துளைத்தாலும் செடி வாடும். நம் தரிசு வயலில் இன்னொன்றும் உண்டு. ஈர மண்ணில் அறுவடை மெஷின் ஏறி இறங்கிய தடத்தில் மண் இறுகிவிடும், அங்கே முளைத்த செடி வேர் இறங்க வழியில்லாமல் சுருங்கிக் காயும். தூரத்திலிருந்து பார்த்தால் இதுவும் நோய்த் திட்டு மாதிரியே தெரியும். திட்டு நேர்கோட்டில் போகிறதா என்று வரப்பில் நின்று ஒருமுறை பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

அப்புறம் செடியைப் பிடுங்கக் கூடாது, தோண்ட வேண்டும். அழுகிய ஆணிவேர் பிடுங்கும்போது பாதியில் ஒடிந்து மண்ணுக்குள் தங்கிவிடும், கையில் வருவது தண்டு மட்டும்தான். மண்வெட்டியால் ஒரு சாண் ஆழம் மண்ணோடு எடுத்து, வாளித் தண்ணீரில் அலசி, தண்டின் அடிப்பட்டையை நகத்தால் கீறிப் பாருங்கள். பட்டை நார் நாராக உரிந்து, உள்ளே ஊசிமுனை அளவில் கறுப்புப் புள்ளிகள் தூவியது போல் இருந்தால் அது மேக்ரோஃபோமினா பேசியோலினா என்ற பூஞ்சாணம். உலர் வேரழுகல் என்று சொல்வது இதைத்தான். அடித்தண்டில் வெள்ளை நூலாகப் படர்ந்து, கடுகு மாதிரி பழுப்பு உருண்டைகள் ஒட்டியிருந்தால் அது ஸ்கிலிரோஷியம் ரோல்ஃப்சி. விருத்தாசலம், பண்ருட்டிப் பக்கம் நிலக்கடலை போடுகிறவர்களுக்கு இது பழக்கமானது. தண்டைக் குறுக்கே வெட்டும்போது உள்ளே பழுப்பு வளையம் தெரிந்தால் ஃபுசேரியம் வாடல் என்று சந்தேகப்படலாம். ஒன்றைத் தாங்கும் செடி மற்றொன்றைத் தாங்கும் என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை. மஞ்சள் தேமல் நோயைத் தாங்கும் வம்பன் ரகத்தைப் போட்டிருக்கிறோமே, இது எப்படிக் காய்ந்தது என்று கேட்பவர்கள் நிறைய. மஞ்சள் தேமல் வெள்ளை ஈ கொண்டுவரும் வைரஸ். அதற்கான எதிர்ப்பு மண்ணுக்குள் இருக்கும் பூஞ்சாணத்தை ஒன்றும் செய்யாது.

அடுத்தது, மண்ணில் நோய் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வது. அந்தக் கறுப்புப் புள்ளிகள்தான் பூஞ்சாணத்தின் விதை மாதிரி. பழைய வேர்த்துண்டு கிடக்கும் இடத்தில் குவிந்திருக்கும், இரண்டடி தள்ளி ஒன்றுமே இருக்காது. அதனால் பிழைத்த செடியைப் பார்க்கும் முன்னால் அதன் பக்கத்துச் செடி செத்ததா என்று பார்க்க வேண்டும். ஹைதராபாத் அருகே பட்டான்செருவில் இருக்கும் இக்ரிசாட் என்ற சர்வதேச பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் கொண்டைக்கடலை வாடலுக்கு இதை முறையாகச் செய்கிறார்கள். நோய் ஏற்றிய நிலத்தில் சோதனை வரிசைகளுக்கு இடையிடையே, எளிதில் நோய் வாங்கும் ஜேஜி 62 ரகத்தை ஒரு வரிசை விதைப்பார்கள். ஜேஜி 62 செத்த இடத்தில் பிழைத்தால்தான் பிழைத்ததாகக் கணக்கு. உளுந்திலும் அப்படி நம் மண்ணில் நிச்சயம் சாகிற ரகம் ஒன்றைக் கண்டுபிடித்து, இரண்டு மூன்று வரிசைக்கு ஒன்றாகப் போட வேண்டும். இதைச் செய்யாமல் எடுக்கும் எந்தக் கணக்கையும் நான் நம்ப மாட்டேன்.

சரி, நோய் நிலத்தை எங்கே அமைப்பது? கடலூர் மாவட்டத்துக்கே உரிய தவறு இங்கேதான் நடக்கிறது. தரிசு உளுந்துக்கு ரகம் தேடுகிறோம், அதனால் நன்செய் வயலிலேயே நோய் நிலத்தை அமைப்போம் என்று ஆரம்பிக்கிறார்கள். மேக்ரோஃபோமினாவின் கறுப்புப் புள்ளிகள் காய்ந்த மண்ணில் வருஷக் கணக்கில் உயிரோடு இருக்கும், தண்ணீர் நின்ற சேற்றில் சில வாரங்களிலேயே பெருமளவு செத்துவிடும். சம்பா முழுக்கத் தண்ணீர் கட்டிய வயலில், போன வருஷம் ஏற்றிய நோயில் எவ்வளவு மிச்சம் இருக்கும்? தை மாதம் விதைத்துவிட்டு எல்லாச் செடியும் நன்றாக இருக்கிறது என்று மகிழ்வதில் அர்த்தமில்லை. நோய் நிலம் மேட்டு நிலத்தில், தண்ணீர் நிற்காத புன்செய்யில்தான் இருக்க வேண்டும். அங்கே வருஷா வருஷம் நோய் வாங்கும் ரகத்தையே போட்டு, அதன் கட்டைகளை அங்கேயே மடக்கி உழுது நோயைப் பெருக்க வேண்டும்.

ஆனால் அதோடு நிறுத்தினால் அது அடுத்த தவறு. செம்மண்ணில் தாங்கிய செடி வீராணம் ஏரிப் பாசனத்தின் களிமண்ணில் தாங்கும் என்று சொல்ல முடியாது. தரிசு உளுந்தை உழுது விதைப்பதில்லை. அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், மண் மெழுகு பதத்தில் இருக்கும்போது நிற்கும் நெல்லுக்குள் தெளித்துவிடுகிறோம். சேறடித்து இறுகிய தட்டு கீழே இருக்கிறது, மேலே மண் நாளுக்கு நாள் வெடிக்கிறது. மிச்ச ஈரத்தையும் பனியையும் நம்பித்தான் பயிர். அந்தத் தட்டைத் துளைத்து வேரை இறக்கும் செடிக்கு ஈரம் கிடைக்கும், ஈரம் கிடைத்தால் உலர் வேரழுகலும் தள்ளிப்போகும். கொலம்பியாவில் இருக்கும் சியாட் என்ற சர்வதேச வேளாண் ஆராய்ச்சி மையத்தின் பேட் 477 என்ற பீன்ஸ் மேக்ரோஃபோமினாவைத் தாங்குவதற்குப் பேர் போனது. வறட்சியைத் தாங்கி ஆழமாக வேர் விடுவதற்கும் அதே பீன்ஸைத்தான் எடுத்துக்காட்டுவார்கள். இந்த இரண்டு குணத்தையும் சேர்த்துப் பார்க்காமல் பூஞ்சாணத்தை மட்டும் துரத்துகிற திட்டங்கள் நம் வயலுக்கு உதவாது. புன்செய் நோய் நிலத்தில் தேறியதை நன்செய் தரிசில் இரண்டு மூன்று போகம் ஓட்டிப் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும்.

பருவத்தையும் மறந்துவிடுகிறார்கள். உலர் வேரழுகலுக்கு முப்பது டிகிரிக்கு மேல் வெப்பமும் காய்ந்த மண்ணும் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சோதனை போட்டால் மாட்டுவது ஈர மண்ணில் நாற்றைக் கொல்லும் பித்தியம் மாதிரியான வேறு பூஞ்சாணங்கள்தான். வயதும் கணக்கை ஏமாற்றும். அறுபத்தைந்து நாளில் முடியும் வழி (ரகமாகும் முன் சோதனையில் இருக்கும் விதை வரிசையை வழி என்போம்), பங்குனி வெயில் ஏறும் முன்பே காய்த்து ஒதுங்கிவிடும். எண்பது நாள் வழி மாட்டிக்கொள்ளும். சீக்கிரம் முடிவது விவசாயிக்கு நல்லதுதான், அதை நானும் விரும்புகிறேன். ஆனால் அதை எதிர்ப்பு என்று எழுதி, கலப்புக்குப் பெற்றோராக எடுத்தால் பிள்ளைகளிடம் அந்த எதிர்ப்பு இருக்காது. ஒரே வயதுள்ள வழிகளைத்தான் ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும்.

இதைவிட நுணுக்கமான ஏமாற்று ஒன்று உண்டு. இந்த நோய் பெரும்பாலும் காய் பிடிக்கும் சமயத்தில்தான் முற்றும். காய்ச்சுமை ஏறி, மண் ஈரம் குறைந்து, செடி தளரும் நேரம் அது. காயே பிடிக்காத செடிக்கு அந்தச் சுமை கிடையாது, கடைசி வரை பச்சையாக நிற்கும். உயிரோடு இருக்கிறது என்பதை மட்டும் வைத்துப் பொறுக்கினால், சில தலைமுறையில் சாகாத, ஆனால் காய்க்காத உளுந்து கையில் வந்து நிற்கும். அதனால் ஒவ்வொரு வழியிலும் பிழைத்த சதவீதத்தோடு காய் எண்ணிக்கையையும் எழுதி வைக்க வேண்டும்.

விதை நேர்த்தி பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். கிலோ விதைக்கு 4 கிராம் ட்ரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சாணத்தைக் கலந்து விதைப்பது விவசாயிக்குச் சரியான பரிந்துரை. சோதனை விதைக்கு அதையோ கார்பென்டாசிம் என்ற பூஞ்சாணக் கொல்லியையோ போட்டால் எந்த ரகம் தானாகத் தாங்கியது என்று தெரியாமலே போகும்.

கலப்பு செய்பவர்கள் அதிகம் தடுக்குவது இரண்டாம் தலைமுறையில். அங்கே ஒவ்வொரு செடியும் ஒரு தனி ஆள், அதைத் திரும்ப விதைத்துச் சோதிக்க வழியில்லை. வேரழுகல் எதிர்ப்பு பெரும்பாலும் பல மரபணுக்கள் சேர்ந்து கொடுக்கும் பகுதி எதிர்ப்பு. செத்தது, பிழைத்தது என்று இரண்டாகப் பிரித்தால் நடுவில் இருக்கும் நல்லவற்றை இழப்போம். ஒவ்வொரு செடியின் விதையையும் தனித்தனி வரிசையாக வளர்த்து, மூன்றாம் நான்காம் தலைமுறையில் குடும்பம் குடும்பமாக, இரண்டு மூன்று இடத்தில் திரும்பத் திரும்ப விதைத்துப் பார்ப்பது மெதுவான வேலை. ஆனால் அதுதான் கைகொடுக்கும். ஒரே மரபணுவை நம்புவதிலும் ஆபத்து உண்டு. கொண்டைக்கடலை வாடல் பூஞ்சாணத்தில் எட்டு இனங்கள் அறியப்பட்டிருக்கின்றன. ஓர் ஊரில் நிமிர்ந்து நின்ற ரகம் இன்னோர் ஊரில் விழுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வெளியூர் வழியை நம் மண்ணில் சோதிக்காமல் பெற்றோராக எடுக்க வேண்டாம்.

ஈரத் தாளில் சுருட்டி நாற்றைச் சோதிக்கும் முறை, நூற்றுக்கணக்கான வழிகளில் பலவீனமானதை முதல் சுற்றில் கழிக்க நல்லது. அதில் தேறியதை வயலுக்குக் கொண்டுபோகாமல் எதிர்ப்பு ரகம் என்று பதிவு செய்வதுதான் தவறு.

கடைசியாக, நோய் நிலத்தில் அறுத்த விதையை அப்படியே விவசாயி கையில் கொடுப்பது. மேக்ரோஃபோமினா விதையோடும் போகும். பிழைத்த செடியின் விதையிலும் அது ஒட்டியிருக்கலாம், ஏனென்றால் தாங்கும் செடியின் உடம்பிலும் பூஞ்சாணம் இருக்கத்தான் செய்யும். தேர்ந்தெடுத்த வழியைச் சுத்தமான வேறொரு நிலத்தில் ஒரு போகம் பெருக்கி, கறுத்துச் சுருங்கிய விதையைப் பொறுக்கித் தள்ளி, கொஞ்சம் விதையை ஈரத் தாளில் ஒரு வாரம் வைத்து, புள்ளி வருகிறதா என்று பார்த்த பிறகே மூட்டை கட்ட வேண்டும். பெருக்கும் நிலத்தில் முந்தின போகம் எள்ளோ நிலக்கடலையோ இருந்ததா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், அவையும் இதே பூஞ்சாணத்தை வளர்க்கும் பயிர்கள்.