ஐந்து அப்பம், 15 பிள்ளைகள்: உங்கள் முதல் ஞாயிறு பாடசாலை வகுப்பு

5 முதல் 8 வயது வரையான 15 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள், ஒரு மணித்தியாலம். இந்த அளவுக்கு ஏற்றபடிதான் கீழே எழுதியிருக்கிறோம். பாடத்துக்கு, இயேசு ஐந்து அப்பத்தாலும் இரண்டு மீனாலும் ஐயாயிரம் பேருக்குச் சாப்பாடு கொடுத்த கதையை, யோவான் நற்செய்தியின் 6ஆம் அதிகாரத்திலிருந்து எடுத்துக்கொள்வோம்.

1. வியாழனுக்குள் ஒரு வாக்கியம்

1 முதல் 14 வரையான வசனங்களை மூன்று தரம் வாசியுங்கள். வகுப்பு முடிந்து பஸ்ஸில் போகும்போது பிள்ளை அம்மாவிடம் என்ன சொல்ல வேண்டும்? அதை ஒரே வாக்கியமாக எழுதுங்கள்: “ஒரு பெடியன் தன்ர சாப்பாட்டைக் குடுத்தான், இயேசு அதை எல்லாருக்கும் காணச் செய்தார்.” இதற்கு உதவாத பாட்டு, விளையாட்டு எதுவானாலும் வெட்டிவிடலாம். அந்தப் பெடியன் யோவானில் மட்டும்தான் வருகிறான். மற்ற மூன்று நற்செய்திகளில் அவனைத் தேட வேண்டாம்.

2. சாப்பாட்டுப் பெட்டி

அப்பம் என்றதும் கொழும்பு வெள்ளவத்தைப் பிள்ளைக்கு நினைவு வருவது முட்டை அப்பம். வேதாகமத்து அப்பமோ வாற்கோதுமையில் சுட்டது, நம் பாணுக்குக் கிட்ட வரும். விளக்கம் சொல்லிக்கொண்டிருக்காமல் காட்டிவிடுங்கள்: ஒரு சாப்பாட்டுப் பெட்டியில் 5 சின்னப் பணிஸ், 2 நெத்தலிக் கருவாடு. கருவாடு பொலித்தீன் பைக்குள்ளேயே இருக்கட்டும். திறந்தால் “ச்சீ, மணக்குது!” என்று தொடங்கி ஐந்து நிமிடம் போய்விடும்.

பெட்டியை மூடியபடி மடியில் வைத்துக் கதையைத் தொடங்குங்கள். இயேசுவின் சீடன் அந்திரேயா அந்தப் பெடியனைப் பற்றிச் சொல்லும் இடத்தில்தான் மூடியைத் திறக்க வேண்டும். முதலே மேசையில் பரப்பி வைத்தால் எல்லாக் கண்ணும் பணிஸில்தான் இருக்கும்.

3. சனிக்கிழமை வெட்டும் வேலை

கைவேலை, கடதாசித் தட்டில் ஒட்டும் அப்பமும் மீனும். ஆளுக்கு 5 அப்பம், 2 மீன் என்றால் 75 அப்பம், 30 மீன். புதிதாக வருகிறவர்களுக்கு இன்னும் மூன்று செட். பிறிஸ்டல் போர்ட்டில் அப்பத்தை 3 சென்ரிமீற்றர் வட்டமாக வெட்டுங்கள். அதைவிடச் சிறிதானால் ஐந்து வயது விரல்களுக்குப் பிடிபடாது. ஒவ்வொரு செட்டையும் கழுவிய யோகட் கோப்பையில் போட்டு வையுங்கள். மேசையில் விட்டால் ஃபேன் காற்றில் மீன் எல்லாம் பறக்கும். போத்தல் பசை நம் ஊர்ப் புழுக்கத்தில் இலேசில் காயாது, குச்சிப் பசையே நல்லது.

4. நேரம்

9.00க்கு எல்லாரும் வந்துவிட மாட்டார்கள். வருகிற வரிசையில் நிறந்தீட்டத் தாள் கொடுங்கள், கூடவே வரவு பதியுங்கள். 9.15க்குப் பாட்டும் ஜெபமும். 9.20க்குக் கதை, 12 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். மூன்று கேள்விகள் கேட்டுவிட்டு 9.37 முதல் 9.50 வரை கைவேலை. கைவேலையை முன்னுக்கு எடுத்தால், கதை முழுக்க விரலில் ஒட்டிய பசையை உரித்துக்கொண்டிருப்பார்கள்.

5. மனன வசனம்

“ஜீவ அப்பம் நானே” (யோவான் 6:35). மூன்று சொல், மூன்று அட்டை. ஆங்கில மொழிமூலத்தில் படிக்கிற பலர் தமிழை நன்றாகக் கதைப்பார்கள், வாசிக்கத்தான் தடுமாறுவார்கள். அதனால் ஒவ்வொரு அட்டையிலும் சொல்லோடு ஒரு படமும் இருக்கட்டும். எல்லாரும் சேர்ந்து சொல்ல, ஒவ்வொரு முறையும் ஓர் அட்டையைக் கவிழ்த்துக்கொண்டு போங்கள். ஒரு பிள்ளையைத் தனியே எழுப்பி “வாசி” என்று சொல்லாதீர்கள். அடுத்த கிழமை அது வராது.

6. பாதுகாப்பு

இதில் விட்டுக்கொடுப்பே இல்லை. எந்த நேரமும் வகுப்பில் இரண்டு பெரியவர்கள். கழிவறைக்குக் கூட்டிப்போக மூன்றாவதாக ஒரு பெற்றோரை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். பதிவேட்டில் பெற்றோரின் தொலைபேசி இலக்கம், ஒவ்வாமை, ஆஸ்துமா, யார் வந்து கூட்டிப்போவார் என்ற விபரம் எல்லாம் இருக்க வேண்டும். பணிஸ் துண்டு கொடுக்க முன்னர் ஒவ்வாமைப் பகுதியை ஒருமுறை பாருங்கள். வழமையாக வரும் ஓட்டோ அங்கிளாக இருந்தாலும், பெற்றோர் எழுதித் தராமல் பிள்ளையை அனுப்ப வேண்டாம். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்களுக்குப் பிறகு கேட்டில் பை பார்ப்பது பல ஆலயங்களில் வழக்கம். அதற்கும் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். துஷ்பிரயோகச் சந்தேகம் வந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929.

கடைசிப் பிள்ளையும் போன பிறகு, கவனம் எங்கே சிதறியது, என்ன மிஞ்சியது என்று கொப்பியில் இரண்டு வரி எழுதி வையுங்கள். கதவைப் பூட்ட முன்னர் அந்தக் கருவாட்டுப் பையை மறக்காமல் எடுத்துவிடுங்கள். அறை அடுத்த ஞாயிறுதான் திறக்கும்.