ஓடும் ரயிலில் இருந்து ரயில் பாதையைப் படம் பிடிப்பது எப்படி

ரயில் பயணத்தில் எடுத்த படங்களைக் காட்டச் சொன்னால் பெரும்பாலானவர்கள் மலையையும் ஆற்றையும் காட்டுவார்கள். அதில் ரயில் இருக்காது. எனக்கு வேண்டியது ரயில் பாதைதான்: கைகாட்டி, கிலோமீட்டர் கம்பம், தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடம், கிராசிங்குக்காக ஒதுங்கி நிற்கும் சரக்கு வண்டி, பாலத்து இரும்பு, வளைவில் தெரியும் நம்முடைய இன்ஜின். எல்லாமே ஓரிரு நொடியில் கடந்து போகிற விஷயங்கள். கண்ணில் பட்ட பிறகு கேமராவைத் தூக்கினால் கிடைக்காது. என்ன வரப்போகிறது என்று தெரிந்துகொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். வேலையில் முக்கால்வாசி அதுதான்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே செயற்கைக்கோள் வரைபடத்தில் பாதையை முழுக்க விரலால் ஓட்டிப் பார்த்துவிடுவேன். ஒரு சின்ன நோட்டில் மூன்று பத்தி: எத்தனையாவது கிலோமீட்டர், எந்தப் பக்கம், என்ன இருக்கிறது. வளைவு, பாலம், குகை, ஜங்ஷன், பழைய இன்ஜின் ஷெட், எல்லாம் அதில் வந்துவிடும். முதல் தடவை நோட்டு இல்லாமல் போய் அறுநூறு படம் எடுத்தேன். திரும்பி வந்து பார்த்தால், நான் ஆசைப்பட்ட இரும்புப் பாலம் மட்டும் இல்லை. அது வந்தபோது மறுபக்க ஜன்னலில் மேகத்தை எடுத்துக்கொண்டு இருந்திருக்கிறேன். அன்றிலிருந்து நோட்டில்லாமல் ஏறுவதில்லை.

எந்தப் பக்கம் உட்காருவது என்பதற்கு இரண்டு கணக்கு. ஒன்று வெயில். காலையில் மேற்குப் பக்கம், மாலையில் கிழக்குப் பக்கம் உட்கார்ந்தால் வெளிச்சம் காட்சியின் மேல் நேராக விழும், கண்ணாடியும் கூசாது. இன்னொன்று பாதை. இந்தியா, பிரிட்டன், ஜப்பான் போன்ற நாடுகளில் இரட்டைப் பாதையில் வண்டி இடப்பக்கம் ஓடும். ஜெர்மனியிலும் ரஷ்யாவிலும் வலப்பக்கம். இடப்பக்கம் ஓடும் நாட்டில் எதிர் வண்டிகள் நம் வலது ஜன்னலை ஒட்டிப் போகும். இடது ஜன்னலில் பெரும்பாலும் திறந்த வெளியும் நமக்கான சிக்னல் கம்பங்களும் வரும். எதிர் வண்டி வேண்டுமா, கம்பமும் நிலமும் வேண்டுமா என்று முடிவு செய்துகொண்டு இடம் பிடியுங்கள்.

கிலோமீட்டர் கம்பம் படத்துக்கு மட்டுமல்ல, கடிகாரமாகவும் உதவும். ஒரு கம்பத்தில் இருந்து அடுத்ததற்கு எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணி, 3600-ஐ அதால் வகுத்தால் வேகம் வந்துவிடும். 45 நொடி என்றால் மணிக்கு 80 கி.மீ. மாஸ்கோவில் இருந்து விளாடிவோஸ்டோக் வரை 9288 கி.மீ. ஓடும் டிரான்ஸ் சைபீரியன் பாதையில், 1777-வது கிலோமீட்டரில் ஐரோப்பா ஆசியா எல்லைத் தூண் நிற்கிறது. கிழக்கே போகும் வண்டியில் இருப்பவர் 1770 வந்ததுமே எழுந்துவிட வேண்டும். 80 கி.மீ. வேகத்தில் 1775-ஐக் கடந்தால் கையில் இருப்பது ஒன்றரை நிமிடம். கேமராவை ஆன் செய்து, ஃபோகஸ் வைத்து, மூச்சைச் சீராக்கிக்கொள்ள அது போதும். என்னோடு மகள் வந்தால் கம்பத்து எண்ணைப் படிப்பது அவள் வேலை. "அப்பா, இன்னும் ரெண்டு கிலோமீட்டர்" என்று அவள் குரல் கொடுத்தால் நான் நோட்டைப் பார்க்கவே வேண்டாம்.

சரி, ஷட்டர் வேகம், அதாவது ஒரு படத்துக்குக் கேமரா திறந்திருக்கும் நேரம். இங்கேதான் பலருக்குப் படம் கலங்குகிறது. மணிக்கு 100 கி.மீ. என்றால் நொடிக்குச் சுமார் 28 மீட்டர். 1/1000 நொடியில் வண்டி கிட்டத்தட்ட 3 செ.மீ. நகர்ந்துவிடும். நூறு மீட்டர் தள்ளி நிற்கும் சிக்னல் கேபினுக்கு அது ஒன்றுமே இல்லை. ஐந்து மீட்டரில் நிற்கும் கம்பத்து எழுத்தோ அழிந்து போகும். கிட்டத்துக் கம்பத்துக்கு 1/4000 வையுங்கள். ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) ஏறினால் ஏறட்டும், புள்ளி விழுந்த படம்கூடப் படிக்க முடியும், இழுபட்ட எழுத்தைப் படிக்க முடியாது.

அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. கம்பம் ஜன்னலுக்கு நேர் எதிரே வரும்வரை காத்திருக்காதீர்கள். அது முன்னால் சாய்வாக, பாதைக்கு 30 டிகிரி கோணத்தில் தெரியும்போதே எடுங்கள். அந்தக் கோணத்தில் அது நம் பார்வையில் நகரும் வேகம், நேர் எதிரே இருக்கும்போது நகர்வதில் கால் பங்குதான். ஆனால் கண்ணாடி வழியாகச் சாய்வாகப் பார்த்தால் பிரதிபலிப்பு கூடும், இரட்டைக் கண்ணாடியாக இருந்தால் படம் கொஞ்சம் மழுங்கும். அதற்காக 30-க்குக் கீழே நான் போவதில்லை.

முன்னோக்கிய இருக்கை கட்டாயம் வேண்டும். சிக்னலின் முகம் வரும் வண்டியைப் பார்த்துத்தான் இருக்கும்; பின்னோக்கி உட்கார்ந்தால் நம் சிக்னலின் முதுகுதான் கிடைக்கும். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். தானியங்கிச் சிக்னலை இன்ஜின் கடந்த உடனே அது சிவப்புக்கு மாறிவிடும். பின்பெட்டியில் இருப்பவருக்கு ஜன்னலோரம் வரும் சிக்னல் எப்போதும் சிவப்பாகவே தெரிவது அதனால்தான். பச்சை வேண்டுமென்றால் வளைவில், இன்ஜின் அதைத் தொடுவதற்கு முன்பே, தூரத்தில் இருந்தே எடுத்துவிட வேண்டும்.

கண்ணாடிக்கு வருவோம். நம் பக்கத்தை மெல்லிய துணியால் துடையுங்கள். கறுப்புத் துணியோ ரப்பர் ஹூடோ லென்ஸைச் சுற்றி வைத்து, உள்ளே இருக்கும் வெளிச்சத்தைத் தடுத்துவிடுங்கள். நானே அடர்ந்த நிறச் சட்டைதான் போடுவேன், வெள்ளைச் சட்டை கண்ணாடியில் பேய் மாதிரி நிற்கும். ஓடும்போது லென்ஸைக் கண்ணாடியில் அழுத்த வேண்டாம், பெட்டியின் அதிர்வு முழுக்கக் கேமராவுக்கு வந்துவிடும். ஒரு விரல் இடைவெளி விடுங்கள். கூசலைக் குறைக்க லென்ஸில் மாட்டும் போலரைசிங் ஃபில்டரைக் கழற்றிவிடுவது நல்லது, பல ரயில் ஜன்னல்களில் அது வானவில் திட்டுகளைக் கிளப்பும். மழை பெய்தால் தானியங்கி ஃபோகஸ் துளியைப் பிடித்துக்கொள்ளும். அதனால் தூரத்துக்குக் கையால் ஃபோகஸ் வைத்து, அபெர்ச்சரை (வெளிச்சம் நுழையும் லென்ஸ் வாயை) நன்றாகத் திறந்துவிட்டால் துளிகள் கரைந்துவிடும்.

நம் வண்டியையே நாம் பார்ப்பது வளைவில்தான். வளைவின் உட்புற ஜன்னல், பின்பெட்டிகளில் ஒன்று, இந்த இரண்டும் அமைந்தால் இன்ஜின் முதல் நடுப்பெட்டி வரை ஒரே படத்தில் விழும். வரைபடம் பார்க்க மறந்திருந்தாலும் உடம்பு சொல்லும்: பெட்டி எந்தப் பக்கம் சாய்கிறதோ அதுதான் உட்புறம். சுவிட்சர்லாந்தின் லாண்ட்வாசர் பாலம் இதற்கென்றே கட்டியது போல இருக்கும். 1902-ல் முடிந்த, 65 மீட்டர் உயரக் கல்பாலம். 100 மீட்டர் ஆரத்தில் வளைந்து, முடியும் இடத்தில் நேராகச் செங்குத்துப் பாறைக்குள் இருக்கும் குகையில் நுழைகிறது. இன்ஜின் பாறைக்குள் மறையும் அந்த நொடியில், பின்பெட்டிகள் இன்னும் பாலத்தின் மேல் இருக்கும். அதற்கு முன்பே எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, கையால் பூட்டிவிடுங்கள். குகையின் கறுப்பைப் பார்த்துக் கேமரா ஏமாந்தால் வானம் வெளுத்துப் போகும். ஆஸ்திரேலியாவின் நல்லார்பார் சமவெளியில் 478 கி.மீ. ஒரு வளைவும் கிடையாது. அங்கே இந்த ஆசையை விட்டுவிட்டு நிழலைப் பாருங்கள். மாலையில் நம் வண்டியின் நிழல் நிலத்தின் மேல் நீளமாகக் கூடவே ஓடி வரும்.

இரும்புச் சட்டப் பாலத்தில் சட்டங்கள் குறுக்கே வந்துகொண்டே இருக்கும். 60 கி.மீ. வேகத்தில், ஆறு மீட்டருக்கு ஒரு சட்டம் என்றால், இடைவெளி மூன்றில் ஒரு நொடிக்குச் சற்று மேல். நொடிக்குப் பத்துப் படம் எடுக்கும் பர்ஸ்ட்டில் வைத்தால் ஒவ்வொரு இடைவெளியிலும் மூன்று படம் விழும். ஸ்காட்லாந்தின் ஃபோர்த் பாலம் போன்ற இடத்தில் மட்டும் நான் ஆற்றை விட்டுவிடுவேன். 1890-ல் திறந்த அந்தப் பாலத்தின் சிவப்புக் குழாய்கள்தான் அங்கே காட்சி. சாய்வாக மேல்நோக்கி எடுங்கள்.

போனில் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். போன் வரி வரியாகப் பதிவதால் கிட்டத்துக் கம்பங்கள் சாய்ந்து நிற்கும். தூரத்துக் காட்சிக்குப் போன் போதும், கிட்டத்துக்கு மெக்கானிக்கல் ஷட்டர் உள்ள கேமரா வேண்டும். நிலையத்தில் எல்இடி பெயர்ப்பலகையை அதிவேக ஷட்டரில் எடுத்தால் எழுத்து பாதிதான் வரும், 1/60-க்கு இறக்குங்கள்.

ஜன்னலுக்கு வெளியே கையையோ செல்ஃபி குச்சியையோ நீட்டவே கூடாது. பல நாடுகளில் மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட் இருக்கிறது. தொடக்கூட வேண்டாம், நெருங்கினாலே பாயும். ஓட்டுநரை நோக்கி ஃபிளாஷ் அடிக்காதீர்கள். சில நாடுகளில் பாலத்தைப் படம் எடுக்கத் தடை உண்டு, கிளம்பும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

வண்டி கடைசி நிலையத்தில் நின்றதும் எல்லோரும் பெட்டியை இழுத்துக்கொண்டு வாசலைப் பார்த்துப் போவார்கள். நான் பிளாட்பாரத்தில் எதிர்த்திசையில், இன்ஜினை நோக்கி நடப்பேன். கழற்றிக்கொண்டு போவதற்குள் சில நிமிடம்தான் இருக்கும். முகப்புக் கண்ணாடி முழுக்கப் பூச்சிகள் அறைந்து ஒட்டியிருக்கும், எண் பலகையில் வழியெல்லாம் வாரிய தூசி. அதை ஒன்று எடுத்து, இன்ஜின் எண்ணை நோட்டின் கடைசி வரியில் எழுதி, அதன் கீழே வந்து சேர்ந்த நேரத்தையும் எழுதிவிட்டுத்தான் வெளியே போவேன்.