பழைய இருசக்கர வண்டியை ஆராய்ந்து வாங்கும் முறை

முதன்முதலாக வேலைக்குப் போகும் இளைஞருக்கும், வண்டி ஓட்டப் பழகிக்கொண்டிருப்பவருக்கும் மூன்று, நான்கு ஆண்டுகள் ஓடிய வண்டியே ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. புது வண்டிக்குக் கடையில் சொல்லும் விலையோடு ஆயுட்கால வரி, பதிவுக் கட்டணம், காப்பீடு ஆகியவையும் சேர்கின்றன. தமிழ்நாட்டில் பதிவான பழைய வண்டியில் அந்த வரியை முதல் உரிமையாளரே கட்டிவிட்டதோடு, விலை வேகமாகச் சரியும் தொடக்க ஆண்டுகளின் இழப்பையும் அவரே ஏற்றிருப்பார். 2018 செப்டம்பர் முதல் புதிய இருசக்கர வண்டிகளுக்கு விபத்தில் பிறருக்கு நேரும் இழப்பை ஈடுசெய்யும் மூன்றாம் நபர் காப்பீடு ஐந்தாண்டுக்குக் கட்டாயமானதால், மூன்றாண்டு வண்டியில் அதன் மீதிக் காலமும் கிடைக்கக்கூடும்.

வண்டியைக் காலை வெளிச்சத்தில், எஞ்சின் ஆறியிருக்கும்போது பாருங்கள். நீங்கள் போகுமுன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், குளிர்ந்த நிலையில் கிளப்புவதில் உள்ள சிரமம் உங்களுக்குத் தெரியாமல் போய்விடும். புகைக்குழாயில் நீலம் கலந்த புகை தொடர்ந்து வந்தால் எஞ்சினுக்குள் ஆயில் எரிகிறது என்று பொருள். அதைச் சரிசெய்யும் செலவு நீங்கள் மிச்சப்படுத்திய தொகையை விழுங்கிவிடும். மீட்டர் காட்டும் கிலோமீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். கைப்பிடி ரப்பரும் கால் வைக்கும் ரப்பரும் வழவழவென்று தேய்ந்திருக்க, மீட்டர் எட்டாயிரம் என்று காட்டினால், சர்வீஸ் புத்தகத்தைக் கேளுங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்கள் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும்: 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். நேரான சாலையில் மெதுவாக ஓட்டும்போது வண்டி ஒரு பக்கமாக இழுத்தால், விழுந்து அடிபட்டதா என்று நன்கு அறிந்த மெக்கானிக் ஒருவரைக் கொண்டு பார்த்துவிடுவது நல்லது. அவருக்குக் கொடுக்கும் கூலி வீண்செலவு அன்று.

வண்டியைவிடக் கூடுதல் கவனம் கேட்பவை அதன் ஆவணங்கள். பதிவுச் சான்றான ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேசிஸ் (வண்டிச் சட்டகம்) எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியில் பொறித்திருப்பவற்றோடு ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிடுங்கள். மத்திய அரசின் எம்பரிவாகன் செயலியில் பதிவு எண்ணைக் கொடுத்தால், பதிவும் காப்பீடும் எதுவரை செல்லும் என்று தெரியும். கட்டாத அபராதம் இருக்கிறதா என்பதையும் இணையத்தில் பார்த்துவிடலாம். வண்டி கடனில் வாங்கப்பட்டிருந்தால், தவணை முடிந்தது என்ற வாய்ச்சொல் போதாது. கடன் கொடுத்த நிறுவனத்தின் தடையின்மைச் சான்றும், ஆர்.சி.யில் உள்ள கடன் குறிப்பை நீக்குவதற்கான படிவம் 35உம் கைக்கு வந்த பிறகே முழுப் பணத்தையும் கொடுங்கள்.

பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடுவதுதான் பலரும் செய்யும் பெரும் பிழை. உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, படிவம் 30 ஆகியவற்றில் விற்பவரின் கையெழுத்தைப் பணம் கொடுக்கும் அன்றே பெற்றுக்கொள்ளுங்கள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆவது பிரிவின்படி, வாங்குபவர் 30 நாட்களுக்குள் உரிமை மாற்றத்தைப் பதிவு அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் தெரிவிக்க வேண்டிய கெடு 14 நாட்கள். விற்பவர் தயங்கினால் அவருடைய நலனையே எடுத்துச் சொல்லுங்கள். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ, விபத்து இழப்பீட்டுக்கு அவரே உரிமையாளராகக் கருதப்படுவார் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்திருக்கிறது. வண்டியைக் கொடுத்துவிட்டோம், இனி நமக்கென்ன என்று இருந்தவர் நீதிமன்றப் படி ஏற நேரிடும்.

காப்பீட்டையும் 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். முந்தையவர் இழப்பீடு கோராமல் சேர்த்த நோ கிளைம் போனஸ் என்ற பிரீமியத் தள்ளுபடி வண்டியோடு வராது என்பதால், அதைக் காட்டி விலையைக் கூட்டிக் கேட்டால் ஒப்ப வேண்டாம்.

விலை பேசும்போதே கையிருப்பில் ஒரு பகுதியை ஒதுக்கி வையுங்கள். வாங்கிய வாரத்திலேயே எஞ்சின் ஆயிலையும் பிரேக் கட்டைகளையும் மாற்றி, செயின் தளர்வைச் சரிசெய்து, டயர் தேய்ந்திருந்தால் அதையும் புதிதாகப் போட்ட பிறகே வண்டியை நெடுஞ்சாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.