படகுத் தொழிலுக்குப் போய் வந்தவருக்குக் காய்ச்சலா? முதலில் ரத்தப் பரிசோதனை

மலேரியா என்றதும் நம்ம ஊரில் எல்லோரும் சாக்கடையைத்தான் கைகாட்டுவார்கள். சாக்கடைக் கொசு கடித்து மலேரியா வராது. அதைப் பரப்பும் அனாபிலிஸ் கொசுவுக்கு நல்ல தண்ணீர்தான் பிடிக்கும், அதிலும் ஒரு வகை கிணற்றிலும் மொட்டைமாடி டேங்கிலுமே குடும்பம் நடத்தும். ஆனால் குமரிக் கடற்கரையில் நாம் முதலில் கவனிக்க வேண்டியது கொசுவைக்கூட அல்ல, ஊருக்குத் திரும்பி வரும் ஆளைத்தான். மங்களூர், கோவா பக்கம் விசைப்படகில் தொழிலுக்குப் போனவர் துறைமுகத்தில் படகைக் கட்டிவிட்டு மேல்தளத்தில் வலையில்லாமல் படுத்திருப்பார், அங்கே வாங்கிய கடிக்குக் காய்ச்சல் குளச்சலிலோ தேங்காய்ப்பட்டணத்திலோ வீட்டில் வந்து இறங்கிய பிறகுதான் தெரியும், ஏனென்றால் கிருமி வெளியே காட்டிக்கொள்ள ஒன்றிரண்டு வாரமாவது ஆகும், சில நேரம் மாதக்கணக்கிலும் ஆகும்.

அதனால் வெளியூர்த் தொழிலுக்குப் போய் வந்தவருக்குக் குளிரும் நடுக்கமுமாகக் காய்ச்சல் வந்தால் மெடிக்கலில் பாராசிட்டமால் வாங்கிப் போட்டுவிட்டுப் படுக்க வேண்டாம். அன்றைக்கே, தவறினால் மறுநாள், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் எந்த ஊரில் இருந்தோம் என்பதையும் சேர்த்துச் சொல்லி விரலில் குத்தி ரத்தம் கொடுங்கள், காசு கிடையாது. நிலவேம்புக் கஷாயம் குடிப்பவர்கள் குடித்துக்கொள்ளலாம், அதை நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. மலேரியாக் கிருமியில் பால்சிபாரம் என்ற வகையாக இருந்தால் சில நாளிலேயே மூளையையும் சிறுநீரகத்தையும் பிடித்துவிடும். உலகத்தில் 2023இல் மட்டும் மலேரியாவுக்குக் கிட்டத்தட்ட 6 லட்சம் பேர் செத்திருக்கிறார்கள், அதில் பெரும்பகுதி ஆப்பிரிக்காவின் சின்னக் குழந்தைகள். அந்தச் சாவுகளுக்கு முக்கியக் காரணம் இந்த வகைதான்.

வைவாக்ஸ் என்ற இன்னொரு வகைக் கிருமி என்று ரிசல்ட் வந்தால் பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள், வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. குளோரோகுயின் 3 நாள் போட்டதும் காய்ச்சல் விட்டுவிடும், ஆள் எழுந்து நடப்பார், அடுத்த படகுக்குக் கிளம்பிவிடுவார். ஈரலில் ஒளிந்திருக்கும் கிருமி அந்த மாத்திரைக்குச் சாகாது. அதற்கென்று 14 நாளுக்கு பிரைமாகுயின் கொடுப்பார்கள், அதைக் கடலுக்கே எடுத்துப் போயாவது முடிக்க வேண்டும், இல்லையென்றால் சில மாதம் கழித்துக் கொசு கடிக்காமலே காய்ச்சல் திரும்பி வரும். சாப்பிட்டபின் போட்டால் வயிறு புரட்டாது. சிறுநீர் பாலில்லாத கட்டன் சாயா நிறத்தில் போனால் மட்டும் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் ஓடுங்கள். கர்ப்பிணிகளுக்கு இந்த மாத்திரை கூடாது.

அப்புறம் வீடு. நோயாளி கொசுவலைக்குள்ளேயே தூங்கட்டும், அவரைக் கடித்த கொசு அடுத்தவரைக் கடித்தால்தானே ஊருக்குள் பரவும். இந்தக் கொசு பொழுது சாய்ந்து விடியும்வரை கடிப்பது, அதனால் வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிவிடுங்கள், தொங்கவிட்டால் பிரயோஜனமில்லை.

டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். கூத்தாடிப் புழு தலைகீழாகத் தொங்கினால் அது வேறு கொசு, தண்ணீரின் மேலேயே துரும்பு மாதிரிப் படுத்துக் கிடந்தால் அனாபிலிஸ். எதுவானாலும் வாரம் ஒருமுறை வடித்துத் தேய்த்துக் காயவிட வேண்டும், முட்டையிலிருந்து கொசுவாக அதற்குப் பத்து நாள் போதும். மூடி உடைந்திருந்தாலும் ஓவர்ஃப்ளோ குழாய் திறந்து கிடந்தாலும் சன்ன வலை கட்டுங்கள். கிணற்றை வடிக்க முடியாது, அதற்குக் கொசுப்புழுவைத் தின்னும் கம்பூசியா மீன் விடலாம். ரப்பர் தோட்டத்துச் சிரட்டைகளையும் கவிழ்த்து வையுங்கள், அது டெங்குக் கொசுவுக்காக.

இலங்கை 2016இல் மலேரியா இல்லாத நாடு என்று பெயர் வாங்கிவிட்டது, இன்றும் வெளிநாட்டிலிருந்து காய்ச்சலோடு வருபவரின் ரத்தத்தை விடாமல் பார்க்கிறார்கள். நம்ம ஊரிலும் சுகாதாரப் பணியாளர் வந்து யார் கடலிலிருந்து வந்திருக்கிறார்கள் என்று கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள், டேங்க் மேலே ஏற முடியாத வயதானவர்கள் வீட்டில் இருந்தால் அதையும் அவரிடமே சொல்லிவிடலாம்.