சுகர், பிபி இருக்கற அப்பா அம்மா டல்லாயிட்டா வீட்ல என்ன பண்ணலாம்

எங்கப்பாவுக்கு 16 வருஷமா சுகர், போன வருஷம் கால்ல புண்ணு வந்து ரெண்டு மாசம் கட்டுப்போட்டு படுத்தாரு, புண்ணு ஆறிடுச்சு ஆனா மனுஷன் பழையபடி எந்திரிக்கவே இல்ல. பேப்பர் போட்டது போட்டபடி மடிப்பு கூட கலையாம கெடக்கும். நாங்களும் வயசாச்சுல்லன்னு விட்டுட்டோம், அதான் பண்ண தப்பு.

சுகர், ஹார்ட், டயாலிசிஸ், மூட்டுவலி மாதிரி வருஷக்கணக்கா இழுக்கற வியாதி இருக்கறவங்களுக்கு டிப்ரெஷன், அதாவது மனச்சோர்வு நோய், வர்றது மத்தவங்கள விட ரொம்ப சகஜம். நம்ம ஊர்ல பெரியவங்க யாரும் "மனசு சரியில்ல"ன்னு வாய் விட்டு சொல்ல மாட்டாங்க, "ஒடம்பு முடியல, பசிக்கல, தூக்கமே இல்ல"ன்னுதான் சொல்வாங்க. அதனால அழறாங்களான்னு பாக்காதீங்க, என்னத்தை விட்டுட்டாங்கன்னு பாருங்க. கோயிலு, சீரியலு, பக்கத்து வீட்டு அரட்டை, பேரன்கிட்ட போன் பேசறது, இப்படி.

முதல்ல மாத்திரை அட்டைய எடுத்து எண்ணிப் பாருங்க. மாசக் கடைசில தீந்திருக்க வேண்டிய அட்டைல எங்கப்பாவுக்கு 11 மாத்திரை மிச்சம். சுகர் ஏறுதுன்னு அதுவரைக்கும் அவரைத் திட்டிட்டே இருந்தேன், ஆனா மனசு விட்டுப்போனவங்களுக்கு மாத்திரை போடறதே வீண்னு தோணும், போடாததால சுகர் ஏறும், ஏறினா இன்னும் சோர்வு, இப்படியே சுத்தும். திட்டினா இன்னும் மோசமாத்தான் ஆகும்.

அடுத்து ரெண்டே ரெண்டு கேள்வி, டாக்டருங்களும் கேக்கறதுதான். கடந்த ரெண்டு வாரத்துல எதுலயும் ஆர்வம் இல்லாம இருந்துச்சா? மனசு சோந்து போய், இனி என்ன இருக்குன்னு தோணுச்சா? இல்லவே இல்லன்னா 0, சில நாள்னா 1, பாதி நாளுக்கு மேலன்னா 2, அனேகமா தினமும்னா 3. ரெண்டும் சேத்து 3 வந்தாலே டாக்டர பாக்கணும். எதிர்ல உக்காந்து விசாரிக்காதீங்க, நான் கால்ல மருந்து போட்டுக்கிட்டே கேட்டேன், அப்பதான் பதில் வந்துச்சு.

நேரா மனநல டாக்டர்னு சொன்னா "எனக்கென்ன பைத்தியமா"ன்னு எகிறுவாங்க, அதனால வழக்கமா பாக்கற சுகர் டாக்டர்கிட்டயே ஆரம்பிங்க, தூக்கம் வரலல்லப்பா அதுக்கும் சேத்து கேட்டுட்டு வரலாம்னு சொல்லுங்க, அது பொய்யும் இல்ல. தைராய்டு, ரத்தசோகை, சோடியம் (ரத்தத்துல இருக்கற உப்புச்சத்து), வைட்டமின் பி12 டெஸ்ட் தேவையான்னு கேளுங்க, ஏன்னா மெட்ஃபார்மின்ங்கற சுகர் மாத்திரைய பல வருஷம் போட்டா பி12 கொறைய வாய்ப்பிருக்கு, அதுவும் இதே சோர்வத்தான் காட்டும். போடற எல்லா மாத்திரையும் ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டுப் போங்க, நாட்டு மருந்து உட்பட.

டிப்ரெஷனுக்கு மாத்திரை குடுத்தா மறுநாளே சிரிப்பாங்கன்னு எதிர்பாக்காதீங்க, வேலை செய்ய ரெண்டுலேர்ந்து ஆறு வாரம் ஆகும், ஆரம்பத்துல வயிறு கொமட்டலாம். குழப்பமா பேசினாலோ தள்ளாடினாலோ உடனே டாக்டர்கிட்ட சொல்லுங்க, வயசானவங்களுக்கு சில மாத்திரைல சோடியம் இறங்கும். நல்லாயிடுச்சேன்னு நீங்களா நிறுத்தவும் கூடாது. மெடிக்கல் ஷாப்ல சொல்லி தூக்க மாத்திரை வாங்கிக் குடுக்கற வேலை மட்டும் வேணவே வேணாம், ராத்திரி பாத்ரூம் போறப்ப விழுந்து இடுப்பெலும்பு போன கதை எங்க தெருவுலயே ரெண்டு இருக்கு.

"நான் போய்ச் சேந்தா உங்களுக்கு நிம்மதி"ன்னு சொன்னா சும்மா சொல்றாங்கன்னு எடுத்துக்காதீங்க. சாகணும்னு தோணுதான்னு நேராவே கேளுங்க, கேக்கறதால அந்த எண்ணம் புதுசா வந்துடாது. ஆமான்னா இன்சுலினும் மாத்திரையும் உங்க கைல இருக்கட்டும், தனியா விடாதீங்க, அன்னைக்கே ஆஸ்பத்திரி. அரசாங்கத்தோட மனநல உதவி போன் சேவை டெலி மானஸ், 14416க்கு எந்நேரமும் ஃப்ரீயா கூப்பிடலாம், தமிழ்லயே பேசுவாங்க.

மிச்சம் வீட்டு வேலைதான். வாக்கிங் போங்கன்னு சொன்னா போக மாட்டாங்க, வேலை குடுங்க. எங்கப்பாகிட்ட காலைல பால் பாக்கெட் வாங்கற பொறுப்ப குடுத்தோம், டாக்டர் சொன்ன செருப்ப மாட்டிக்கிட்டு தெருமுனை வரைக்கும்தான். மொத வாரம் முனகிட்டே போனாரு, மூணாவது வாரம் கடைக்காரன் ஒரு ரூபா சில்லறை பாக்கி வெச்சுட்டான்னு சண்டை போட்டுட்டு வந்தாரு, எங்கம்மா அடுப்படில நின்னு சிரிக்கறாங்க.